19-ஆவது ஆள் உள்ளே வந்தால்: ஃபூட்டியின் ஆள் மாற்றத் தவறுகளும் தண்டனைகளும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்போர்னில் குளிர்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு டிவியில் ஃபூட்டிதான், அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்தான் ஓடும். கூட உட்கார்ந்து பார்க்கும் நண்பர்களும் மாமாக்களும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். உதையும் கேட்ச்சும் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் பந்துக்குப் பக்கத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யாதபோது விசில் ஊதி, பந்தை எதிரணி கையில் கொடுத்து, 50 மீட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போவார்களே, அங்கேதான் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

இன்டர்சேஞ்ச்னா என்ன? நம்ம ஃபுட்பால்ல வர்ற சப்ஸ்டிடியூட் மாதிரிதானே?

இல்லை. ஃபுட்பாலில் வெளியே போனவர் போனவர்தான். ஃபூட்டியில் களத்தில் ஒரு அணிக்கு 18 பேர், வெளியே பெஞ்சில் சிலர். இவர்கள் ஆட்டம் முழுக்க மாறி மாறி உள்ளே வெளியே போய்க்கொண்டிருப்பார்கள். ஐந்து நிமிடம் ஓடிக் களைத்தவர் பெஞ்சுக்கு வருவார், மூச்சு வாங்கியதும் மறுபடி உள்ளே. ஆட்டத்தை யாரும் நிறுத்த மாட்டார்கள், நடுவரிடம் அனுமதி கேட்பதும் இல்லை.

இது முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1930-இல் 19-ஆவது ஆள் என்று ஒரு மாற்று வீரர் வந்தார், 1946-இல் 20-ஆவது ஆள். இருவரும் ஃபுட்பால் சப் மாதிரிதான், ஒருவர் வெளியேறினால் திரும்ப முடியாது. 1978-இல்தான் திரும்பி வரலாம் என்றார்கள். பெஞ்ச் 1994-இல் மூன்று பேராகவும் 1998-இல் நான்கு பேராகவும் வளர்ந்தது. நடுவில் 2011 முதல் 2015 வரை பச்சை, சிவப்பு வெஸ்ட் போட்ட ஒரு 'சப்' இருந்தார். 2021-இல் காயத்துக்கு மட்டும் என்று அவர் வேறு வடிவில் திரும்பி வந்தார், 2023-இல் எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள், 2026 முதல் சப்பே வேண்டாம், பெஞ்சில் ஐந்து பேர் இருக்கட்டும் என்று முடிவானது. இந்த விதியை இவர்கள் சும்மா விட்டதே இல்லை.

ஒருத்தர் வெளியே, ஒருத்தர் உள்ளே. இதுல தப்பு நடக்க என்ன இருக்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 75 மாற்றம் வரை உண்டு. ஆட்டத்துக்கு நான்கு குவார்ட்டர், ஒரு குவார்ட்டர் பெயருக்கு 20 நிமிடம், நிற்கும் நேரத்தையெல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட அரை மணி ஓடும். ஆக இரண்டு மணி நேரத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து 150 மாற்றம், அதாவது ஐம்பது நொடிக்குக் குறைவான இடைவெளியில் யாரோ ஒருவர் எல்லைக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லைக்கோட்டில் கோடு போட்டுக் குறித்த ஒரு பகுதி இருக்கிறது, 'கேட்' என்பார்கள். வெளியே வருபவர் அது வழியாகத்தான் வரவேண்டும், அவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் இவர் உள்ளே கால் வைக்கலாம். இப்போது பெஞ்சில் நிற்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணி பந்தோடு பறக்கிறது, அவன் பிடிக்கவேண்டிய ஆள் தனியாக ஓடுகிறான், வெளியே வரவேண்டியவரோ கால் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறார். இன்னும் இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டருக்குப் பொறுமையாக நிற்பது லேசான காரியம் இல்லை.

அப்புறம் குழப்பத்தில் நடக்கும் தவறு. கோச் ஒரு பெயரைச் சொல்ல இருவர் கிளம்புவது, வெளியே கூப்பிட்டவருக்குக் கூச்சலில் காது கேட்காமல் போவது, காயம்பட்டவரைத் தூக்கும் அவசரத்தில் எண்ணிக்கை பிசகுவது.

சரி, மாட்டினால் தண்டனை என்ன?

கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூவர்ட் என்று ஒருவர் இதை மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்துச் சொல்ல, தகவல் களத்து நடுவருக்குப் போகும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுப்பார், அதோடு 50 மீட்டர் தண்டனையும் சேரும். அதாவது உதைக்கும் இடம் கோலை நோக்கி 50 மீட்டர் முன்னால் போகும்.

50 மீட்டர் முன்னால போனா என்ன பெருசா?

எம்சிஜி மைதானத்தை எடுத்துக்கொள்வோம், கிரிக்கெட்டில் எல்லோரும் பார்த்ததுதான். ஃபூட்டிக்கு அதன் நீளம் ஏறக்குறைய 160 மீட்டர். நட்ட நடுவிலிருந்து கோலுக்கு 80 மீட்டர். அங்கிருந்து யாராலும் கோல் அடிக்க முடியாது. 50 மீட்டரைக் கழித்தால் மீதி 30, அதுவும் நேர் எதிரே, யாரும் இடையூறு செய்யாமல் நிதானமாக உதைக்கலாம். இந்த மட்டத்தில் ஆடுபவர் அதைத் தவறவிட்டால் ஒரு வாரம் கேலி செய்வார்கள்.

கோல் என்றால் 6 புள்ளி. கோல் கம்பத்துக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் இடையில் போனால் 1 புள்ளி, அது பிஹைண்ட். ஆட்டங்கள் ஒற்றைப் புள்ளியில் முடிவதும் உண்டு. ஆகவே நடுக்களத்தில் நடந்த ஒரு எண்ணிக்கைத் தவறுக்கு விலை கிட்டத்தட்ட ஒரு முழு கோல்.

இவ்வளவு கடுமையா யார் கொண்டு வந்தது? எப்போ?

ஏஎஃப்எல், அதாவது ஃபூட்டியின் முதன்மை லீக், 2008-இல். ஆறாவது சுற்றில் சிட்னி ஸ்வான்ஸுக்கும் நார்த் மெல்போர்னுக்கும் ஆட்டம், விட்டுக்கொடுக்காத இழுபறி. கடைசிக் கட்டத்தில் சிட்னி பக்கம் சிறிது நேரம் 19 பேர் களத்தில் இருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது, லீக் பட்டியலில் ஆளுக்கு 2 புள்ளி. 19 பேர் இருந்தது உறுதியான பிறகும் முடிவை மாற்றவில்லை, சிட்னிக்கு அபராதம் விதித்ததோடு சரி.

நார்த் ஆதரவாளர் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு ஆள் கூட வைத்து ஆடிய அணியும் 2 புள்ளி வாங்கிப் போனது, ஒழுங்காக ஆடிய அணிக்கும் அதே 2 புள்ளி, அபராதப் பணத்தால் இவர்களுக்கு என்ன லாபம்? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே சீசனிலேயே கேட்டில் கண்காணிப்பை இறுக்கி, ஃப்ரீ கிக்கும் 50 மீட்டரும் என்ற இந்தத் தண்டனையைக் கொண்டு வந்தார்கள்.

அப்போ அதுக்கு முன்னாடி தண்டனையே கிடையாதா?

இருந்தது, ஆனால் இதைவிடப் பயங்கரமான ஒன்று. எதிரணியில் ஆள் கூட இருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கேப்டன் நடுவரிடம் போய் "எண்ணுங்கள்" என்று கேட்கலாம். ஆட்டம் நிற்கும், எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பள்ளிக்கூடத்தில் எண்ணுவது போல எண்ணுவார்கள். கூட இருந்தால், பழைய விதிப்படி அந்த அணி அதுவரை எடுத்த ஸ்கோர் மொத்தமும் போச்சு. 80 புள்ளி எடுத்திருந்தாலும் பூஜ்ஜியம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பெரிய தண்டனை இருந்தும் 2008-இல் அது உதவவில்லை. கேப்டன் கவனித்தால்தான் கேட்க முடியும், 160 மீட்டர் நீளக் களத்தில், ஒரு புள்ளிக்கு உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருப்பவர் எங்கே தலை எண்ணுவது? கேட்டால்தான் தண்டனை, அதுவும் கொலைத் தண்டனை, கேட்காவிட்டால் ஒன்றும் இல்லை. நடுவில் எதுவுமே இல்லாததுதான் அந்த விதியின் கோளாறு. அதோடு ஒப்பிட்டால் 50 மீட்டர் எவ்வளவோ தேவலாம்.

அந்தக் கூடுதல் ஆள் பந்துகிட்டயே போகலையே. அப்புறம் எதுக்கு ஒரு கோல் தூக்கிக் குடுக்கணும்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். என் பதில்: அவர் பந்தைத் தொடவில்லை என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் அவர் ஆட்டத்தைத் தொடவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபூட்டியில் பாதி வேலை பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. கூடுதலாக ஒருவர் பின்களத்தில் சும்மா நின்றாலே போதும், எதிரணிக்காரர் அந்தப் பக்கம் உதைக்காமல் வேறு பக்கம் உதைப்பார். அந்த உதை நடக்கவே இல்லையே, அதை எப்படி அளப்பீர்கள்?

கிரிக்கெட்டிலேயே இதற்குச் சொந்தக்காரன் உண்டு. வெளியே போன ஃபீல்டர் அம்பயர் அனுமதியில்லாமல் உள்ளே வந்து பந்தைத் தொட்டால் 5 ரன் தண்டம். அந்த ஒரு ஃபீல்டிங்கால் ஒரே ஒரு ரன்தான் மிச்சமானது என்று யாரும் கழித்துக் கொடுப்பதில்லை. ஆனால் அங்கே தொட்டால்தான் தண்டனை, இங்கே நின்றாலே தண்டனை. ஃபூட்டி ஒரு படி கறார், என் கணக்கில் அது சரிதான்.

ஒரு அடி முன்னாடி கால் வெச்சதுக்கும், மூணு நிமிஷம் 19 பேர் ஆடினதுக்கும் ஒரே தண்டனையா?

இங்கே நான் விதியின் பக்கம் இல்லை.

இரண்டும் வேறு வேறு குற்றம். வெளியே வருபவர் கோட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில், தலை குனிந்து, ஆட்டத்தை விட்டு விலகி வந்துகொண்டிருக்கிறார். உள்ளே போகிறவர் அரை நொடி முந்திவிட்டார். கணக்குப்படி அந்த அரை நொடி 19 பேர்தான். ஆனால் போன கேள்வியில் சொன்ன நியாயம், அதாவது கூடுதல் ஆளால் எதிரணியின் ஆட்டம் மாறியிருக்கலாம் என்பது, இதற்குப் பொருந்தாது. பெஞ்ச் பக்கம் முகம் திருப்பி நடப்பவரைக் கண்டு யார் உதையை மாற்றப் போகிறார்? இதற்கு ஃப்ரீ கிக் போதும். பந்து கை மாறுவதே ஃபூட்டியில் நல்ல வலிதான்.

எதிர்வாதம் எனக்கும் தெரியும், எங்கள் வீட்டிலேயே ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: "அரை நொடிக்கு மன்னிப்புன்னா நாளைக்கு ஒரு நொடி, அடுத்த வாரம் ரெண்டு நொடி." எங்கே கோடு போடுவது என்பது நல்ல கேள்விதான். ஆனால் கோடு போடக் கஷ்டம் என்பதற்காக எல்லோரையும் ஒரே கம்பால் அடிப்பதா? கேட்டில் ஒருவர் இதற்கென்றே நிற்கிறார். முந்திக் கால் வைத்தாரா, இல்லை ஆளே வெளியே வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியும்.

தப்பு பண்ணினது பெஞ்சுல இருக்கிற ஆபீசர். தண்டனை களத்துல ஓடுறவங்களுக்கா?

ஆமாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, இத்தனைக்கும் நானே அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். எங்கள் பகுதிச் சிறுவர் அணிக்கு இரண்டு சீசன் பெஞ்ச் பார்த்தேன். கையில் ஒரு காந்தப் பலகை, அதில் ஒவ்வொரு பையன் எண்ணுக்கும் ஒரு பொட்டு. ஒருநாள் தூறல், பலகை ஈரம், ஒரு பையன் ஷூ லேஸ் கட்டவேண்டும் என்று வெளியே வந்தான். அவனுக்குப் பதில் ஒருவனை அனுப்பினேன். நான் பொட்டை நகர்த்துவதற்குள் லேஸ் கட்டியவன் தானாகவே திரும்பி ஓடிவிட்டான். அடுத்த கோல் விழுந்த பிறகு எதிரணியின் ஒரு அம்மாதான் எண்ணிச் சொன்னார். நடுவருக்குப் பதினாறு வயது இருக்கும். என்னைப் பார்த்து, "ஒருவரை வெளியே அழையுங்கள்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கோலை அவர் ரத்து செய்யவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மகன் பேசவில்லை.

அன்று அந்தக் கோலை எடுத்திருந்தால் அழுதிருக்கப் போவது பையன்கள், என் தவறுக்காக. ஆனாலும் கோல் கிடைத்தது அணிக்கு, எனக்கில்லையே. லாபம் அணிக்குப் போகும்போது நஷ்டத்தை மட்டும் பலகை பிடித்தவர் பெயரில் எழுத முடியாது. தவிர பெரிய லீக்கில் அந்த நாற்காலியில் உட்காருபவர் லேஸ் கட்டும் பையன்களைச் சமாளிக்கும் தன்னார்வலர் இல்லை, அதுதான் அவருக்கு வேலை.

75-க்கு மேல ஒரு தடவை மாத்திட்டா? அதுவும் இதே குற்றமா?

முதலில் அந்த எண் எப்படி வந்தது என்று பார்ப்போம். மாற்றங்கள் ஒரு ஆட்டத்துக்கு 130-ஐத் தொட்டபோது, வீரர்கள் எப்போதும் புத்துணர்ச்சியாக இருப்பதால் ஆட்டம் நெரிசலாகிறது, மோதலும் கூடுகிறது என்று 2014-இல் 120 என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2016-இல் 90, 2021-இல் 75. குவார்ட்டர் இடைவேளையில் செய்யும் மாற்றம் இதில் சேராது. ரத்தக் காயம், தலைக்காயச் சோதனை போன்ற கட்டாய வெளியேற்றங்களும் சேராது. எது சேரும் எது சேராது என்பதிலேயே கணக்கு தவற வாய்ப்பு இருக்கிறது.

76-ஆவது மாற்றத்தின்போது களத்தில் 18 பேர்தான். கூடுதல் ஆள் இல்லை. கிடைத்த லாபம் களைப்பில்லாத ஒரு ஜோடிக் கால்கள். இதுவும் 19 பேர் ஆடுவதும் ஒரே தட்டில் வைக்கவேண்டிய தவறா? என்னைக் கேட்டால் இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு கிளப்புக்கு அபராதம் போடுவது 2008-இல் பொருந்தவில்லை, இந்த ஒரு தவறுக்குப் பொருந்தும்.

ஐஸ் ஹாக்கி மாதிரி ரெண்டு நிமிஷம் ஒரு ஆள் குறைச்சு ஆடச் சொன்னா நியாயமா இருக்குமே?

கேட்க அழகாக இருக்கிறது. ஆள் கூட வைத்த அணி ஆள் குறைய ஆடட்டும், கணக்கு நேர். ஐஸ் ஹாக்கியில் அப்படித்தான். ஆனால் லேசான தண்டனை என்று நினைக்கவேண்டாம். 1979-இல் மாண்ட்ரியாலில் நடந்த அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் புரூயின்ஸ் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 4-3 என முன்னிலையில் இருந்தார்கள். ஆள் கூட இருந்ததற்காகத் தண்டனை, அந்த இடைவெளியில் கி லாஃப்லூர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் மாண்ட்ரியால் ஜெயித்தது. பாஸ்டன் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள்.

ஃபூட்டியில் ஏஎஃப்எல் மட்டத்தில் யாரையும் வெளியே அனுப்பும் வழக்கமே கிடையாது, சிவப்பு அட்டை இல்லை. அடிதடி செய்தவருக்கே வாரநாளில்தான் விசாரணை. அவரை விட்டுவிட்டு எண்ணத் தெரியாத பெஞ்சுக்காக ஒருவரை உட்காரவைத்தால் சிரிப்பார்கள். 18 பேர் ஆடும் பெரிய களத்தில் ஒருவர் குறைவது எத்தனை புள்ளிக்குச் சமம் என்பதும் ஊகம்தான்.

ஆட்டம் முடிஞ்சப்புறம் வீடியோ பார்த்துத் தெரிஞ்சா முடிவை மாத்தணுமா?

மற்ற ஆட்டங்களில் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார்கள். 2009-இல் ரக்பி லீக்கில் கேன்டர்பரி புல்டாக்ஸ் பென்ரித்துக்கு எதிராக 14 பேரோடு ஆடியதற்காக, ஜெயித்த ஆட்டத்தின் 2 புள்ளிகளைப் பறித்தார்கள். ஜெர்மன் ஃபுட்பாலில் 2021-இல் வோல்ஃப்ஸ்பர்க் கோப்பை ஆட்டத்தில் ஆறாவது சப்பை இறக்கியது, ஜெயித்த ஆட்டம் தோல்வி என்று மாற்றப்பட்டது. ஆனால் 2022-இல் ஃப்ரைபர்க்குக்கு எதிராக பேயர்ன் மியூனிக் சில நொடிகள் 12 பேரோடு நின்றது. வெளியே போகவேண்டியவரின் எண் பலகையில் தவறாகக் காட்டப்பட்டதில் வந்த குழப்பம். 4-1 என்ற முடிவு அப்படியே நின்றது. எண்ணிப் பார்த்து உரிய நேரத்தில் தடுக்கவேண்டியது நடுவர்களின் வேலை என்ற கோணமும் அதில் இருந்தது.

என் விருப்பம் முடிவைத் தொடாமல் விடுவது. ஆனால் ஒன்று, தவறு கண்டுபிடிக்கப்படாத அந்த நேரத்தில் நேரடியாகப் புள்ளி வந்திருந்தால், கடைசி நிமிடத்தில் சமநிலைக்கோ வெற்றிக்கோ அது காரணமாக இருந்தால், 2008-இல் செய்தது போல அபராதத்தோடு விடுவது போதாது. இதற்குச் சுத்தமான பதில் என்னிடம் இல்லை, ஒவ்வொரு முறை வாதாடும்போதும் பாதியில் கட்சி மாறியிருக்கிறேன்.

காயம்னு பொய் சொல்லி சப்பை இறக்கினாங்களாமே? அதுக்கு என்ன தண்டனை?

2021, 2022-இல் இருந்த மருத்துவ சப் பற்றிக் கேட்கிறீர்கள். வெளியேறுபவர் அடுத்த 12 நாள் ஆடத் தகுதியில்லாதவர் என்று டாக்டர் கருதினால்தான் சப் வரலாம் என்று ஏற்பாடு. தொடை இறுக்கம் என்று வெளியே போனவர் அடுத்த வாரமே ஓடினால் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் குணமாகிவிட்டது என்பார்கள். பொய் என்று நிரூபிக்க முடியாத இடத்தில் தண்டனை வைத்து என்ன பயன்? 2023-இல் காயம் வேண்டாம், யாரை வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். எண்ணிக்கைத் தவறை எண்ணிப் பார்க்கலாம், வலியை யார் எண்ணுவது.

மைதானத்துக்குப் போய் நாமளே எண்ணிப் பார்த்தா 19-ஐக் கண்டுபிடிக்க முடியுமா?

டிவியில் முடியவே முடியாது, கேமரா பந்து இருக்கும் பக்கத்தைத்தான் காட்டும். மைதானத்தில் மேல்தட்டில் உட்கார்ந்தால் முயலலாம். நான் ஒருமுறை எம்சிஜி மேல் அடுக்கில் சூடான மீட் பை (இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி) ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், பத்தொன்பதுதான். பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் கூப்பிட்டு விரல் நீட்டிக் காட்டினேன். அந்தப் பத்தொன்பதாவது ஆள் தண்ணீர் பாட்டிலை இன்னொருவருக்கு நீட்டிவிட்டு ஓரமாக ஓடி வெளியே போனார்.